பால்சா விமானம் கட்ட கிட்டும் பிளானும் தேடுகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பால்சா என்ற இலேசான மரத்தின் குச்சியும் டிஷ்யூ பேப்பரும் வைத்து ஒரு விமானம் கட்டி, ரப்பரை முறுக்கிவிட்டு, அது தானாக ஏறிப் பறப்பதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. கட்டுவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. நல்ல கத்தியும் பசையும் பொறுமையும் இருந்தால் கட்டிவிடலாம். என் நேரத்தையும் பணத்தையும் தின்றது அதற்கு முந்தைய கட்டம்தான். எந்தக் கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்குவது, எந்தப் பிளானை (கட்டுவதற்கான வரைபடத்தை) நம்புவது, எந்த மரத்தை எடுப்பது என்று மாதக்கணக்கில் அலைந்தேன். ஒரு விமானம்கூட முழுசாக எழும்பும் முன்பே, சில நல்ல கிட்டுகள் வாங்கியிருக்கக்கூடிய பணம் கையைவிட்டுப் போயிருந்தது. பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இதில் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கும். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கைக்கு வந்தது ஒரு பழைய கிட். முதல் உலகப்போர் காலத்து இரட்டை இறக்கை விமானம், பெட்டி மேல் அருமையான ஓவியம், "இன்னும் பிரிக்கப்படாதது" என்று விற்றவர் அழுத்திச் சொன்னார். அதற்காகவே விலையும் கூடுதல். பெட்டி வந்ததும் பிரித்தேன். ரப்பர் வளையத்தைத் தூக்கினால் துண்டு துண்டாக உதிர்ந்தது. நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் தாள் மஞ்சளித்து, தண்ணீரில் போட்டதும் பொடிப்பொடியாகப் பிரிந்துவிட்டது. மரத்துண்டுகள் டை-கட், அதாவது அச்சு வைத்து அழுத்தி வெட்டியவை. அந்த அச்சு மழுங்கிப்போன காலத்தில் வெட்டியிருக்கிறார்கள். இறக்கைக்குள் விலா எலும்புபோல் இருக்கும் ரிப் ஒன்றை விரலால் தள்ளினேன். வெட்டுக்கோடு பாதி மரத்தில் நின்றிருந்தது, ரிப்பின் முனை பலகையோடே ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. மாற்றுத் துண்டு கேட்கலாம் என்றால் அந்த நிறுவனமே இப்போது இல்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவு வயிற்றெரிச்சல்.

பிரிக்காத பெட்டிக்கு மதிப்பு கொடுப்பவர்கள் அதைச் சேகரித்து அலமாரியில் வைப்பவர்கள். கட்டுகிறவருக்கு அந்த மதிப்பால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. பிரித்த பெட்டி என்றால் உள்ளே இருப்பதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், விலையும் குறையும். பழைய கிட் வாங்கினால் அதில் பிளானுக்கும், பிளாஸ்டிக் பாகங்களுக்கும், நல்ல நிலையில் இருந்தால் மரத்துக்கும் மட்டும் காசு கொடுக்கிறோம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர், ஸ்டிக்கர், பசை மூன்றையும் தூக்கிப்போட்டுவிட வேண்டும். டை-கட் பலகை கையில் வந்துவிட்டால் விரலால் தள்ளவே கூடாது. பலகையின் பின்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் வெட்டுக்கோடு தெளியும். மீதியைப் புது பிளேடால் விடுவிக்க வேண்டும். இது தெரிந்தபோது என் கிட்டில் பாதி ரிப் உடைந்திருந்தது.

பழைய பட்டியல்களை வைத்துத் தேடுவதும் வீண் அலைச்சல். கோமெட், கீல்கிராஃப்ட், ஸ்டெர்லிங், டாப் ஃப்ளைட் என்று ஆர்வலர்கள் இன்றைக்கும் சொல்லும் கிட் நிறுவனங்கள் பலவும் அந்தப் பழைய வடிவத்தில் இப்போது இல்லை. கிரேட் பிளேன்ஸ், டாப் ஃப்ளைட் இரண்டையும் கையில் வைத்திருந்த ஹாபிகோ நிறுவனம் 2018ல் திவாலானபோது கடைகளில் இருந்த மரக் கிட்டுகள் நிறைய காணாமல் போயின. 1926ல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் கில்லோஸ் போன்றவை தாக்குப்பிடித்திருக்கின்றன. ஒரு கிட்டைப் பற்றி யாராவது புகழ்ந்து எழுதியிருந்தால், அது இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா, இருந்தால் டை-கட்டா லேசர்-கட்டா என்பதை முதலில் பாருங்கள். ஒரே பெயரில் பழைய டை-கட் பதிப்பும் புதிய லேசர் பதிப்பும் ஒரே சமயத்தில் விற்பனையில் இருக்கும். பெட்டிப் படம் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே இருக்கும் மரம் ஏறக்குறைய வேறு பொருள்.

லேசர்-கட் என்றால் கவலையில்லை என்று அடுத்ததை வாங்கினேன். சிறிய உயர் இறக்கை விமானம். விளம்பரத்தில் கட்டி முடித்துப் பறக்கும் படம். வந்தது ஒரு மெல்லிய உறை. அதில் வெட்டிய ரிப்புகளும், உடல்பகுதிக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான ஃபார்மர்களும், வால் வளைவுகளும் மட்டும். குச்சி இல்லை, டிஷ்யூ இல்லை, ப்ரொப்பெல்லர் இல்லை, கம்பி இல்லை, சக்கரம் இல்லை. பிளானை நாமே இறக்கிக்கொள்ள ஒரு இணைப்பு. இதற்கு ஷார்ட் கிட் என்று பெயர். விளம்பரத்தின் கடைசி வரியில் அது எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவருக்கு அந்த இரண்டு வார்த்தையில் என்ன புரியும்? விற்பவர்கள் இல்லாத பொருட்களின் பட்டியலை மேலேயே போடலாம். எனக்கு இன்றைக்கும் இதில் கோபம் உண்டு.

ஷார்ட் கிட் மோசமான விஷயம் இல்லை. வீட்டில் குச்சியும் டிஷ்யூவும் இருப்பு வைத்திருப்பவருக்கு அதுதான் சரியான கொள்முதல். மிக நுணுக்கமான வெட்டு வேலை முடிந்திருக்கும், மரத்தை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். முதல் விமானம் கட்டுபவருக்கு மட்டும் வேண்டாம். எனக்கு விடுபட்ட குச்சிகளைத் தனியாக வரவழைத்தபோது, குச்சியின் விலையைவிட அனுப்பும் கூலி பெரிதாக இருந்தது. பால்சா வழக்கமாக 36 அங்குல நீளத்தில் வருகிறது. எடையே இல்லாத பொருள், ஆனால் பெட்டி நீளமாக இருப்பதால் கூலி ஏறிவிடுகிறது. வந்து சேர்ந்த குச்சியில் பாதி நடுவில் முறிந்திருந்தது. பிறகுதான் ஒரு வழி கிடைத்தது: விற்பவரிடம் சொல்லி 18 அங்குலமாக வெட்டி அனுப்பச் சொல்லுங்கள். சிறிய ரப்பர் விமானத்தில் ஒரு பக்கத்து இறக்கைக்கு அதைவிட நீளமான குச்சி தேவைப்படாது. இன்னும் மலிவான வழி, தகடாக வாங்கி இரும்பு ஸ்கேல் வைத்து நாமே குச்சியாகக் கீறிக்கொள்வது. ஒரே தகட்டிலிருந்து கீறிய குச்சிகளின் கனமும் வளையும் தன்மையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், அதனால் உடல்பகுதி ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளாது.

அந்த ஷார்ட் கிட்டின் பிளானை அச்சுக் கடையில் கொடுத்து எடுத்துவந்தேன். மேசையில் விரித்து, லேசரில் வெட்டிய ரிப் ஒன்றை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தேன். முன்விளிம்பில் சரியாகப் பொருத்தினால், பின்விளிம்பைத் தாண்டி 4 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. ரிப்தான் தப்பு என்று நினைத்து விற்றவருக்குக் கடிதம்கூட எழுதினேன். பிறகு ஸ்கேல் எடுத்து அளந்தேன். இறக்கை முழு நீளம் 20 அங்குலம் என்று பிளானிலேயே எழுதியிருக்கிறது, தாளில் 19 அங்குலம்தான் இருந்தது. அச்சடிக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்ற தேர்வு தானாக ஆகியிருக்கிறது, மொத்தப் படமும் 95 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. கடைக்காரர் பழக்கத்தில் செய்தது, அவருக்கு அது வெறும் படம். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லித்தான் ஆக வேண்டும். அச்சானதும் கடையிலேயே ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். குறுக்கே மட்டும் அளந்தால் போதாது, நெடுக்கேயும் அளக்க வேண்டும். பழைய பிளானை ஸ்கேன் செய்யும்போது தாள் இழுபட்டு ஒரு திசையில் மட்டும் நீண்டிருப்பது சகஜம். ஏ4 தாள்களாக எடுத்து ஒட்டுகிறீர்கள் என்றால், ஒட்டிய பிறகு இறக்கையில் நெடுக ஓடும் முக்கியக் குச்சியான ஸ்பாரின் கோட்டின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், கோணல் உடனே தெரிந்துவிடும்.

பிளான் தேடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் இருக்கும் இடம் இதுதான். பழைய பிளான்களை ஆர்வலர்களே ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கும் அவுட்டர்ஸோன் போன்ற களஞ்சியங்கள் இருக்கின்றன. 1929ல் தொடங்கிய மாடல் ஏர்ப்ளேன் நியூஸ், 1935ல் தொடங்கிய ஏரோமாடலர் போன்ற இதழ்களில் வந்தவையும் பழைய கிட்டுகளில் வந்தவையும் ஆயிரக்கணக்கில் அங்கே கிடைக்கின்றன. இது தெரியாமல், அதே கோப்பை ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கினேன். அதுவும் போகட்டும் என்றால், தாளின் மூலையில் பொடி எழுத்தில் "ஷீட் 1 ஆஃப் 2" என்று இருந்தது. இரண்டாவது தாள் வரவே இல்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை. அதனால் எந்தப் பிளானைத் திறந்தாலும் முதலில் மூலையைப் பாருங்கள். வடிவமைத்தவர் உயிரோடு இருந்து, தன் பிளானைத் தானே விற்கிறார் என்றால் அவரிடம் காசு கொடுத்து வாங்குவதுதான் முறை. அந்தக் காசு ஒருபோதும் வீண் போகாது, சந்தேகம் கேட்டால் பதில் எழுதுவார்.

இன்னொரு பொறி இருக்கிறது, இதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. பழைய கிட்டில் ரிப்பும் ஃபார்மரும் பலகையிலேயே அச்சடித்தோ வெட்டியோ வந்துவிடும். அதனால் பிளானில் அவற்றின் வடிவத்தை வரைந்திருக்க மாட்டார்கள், ஆர்1, ஆர்2, எஃப்3 என்று எண் மட்டும் போட்டிருப்பார்கள். கிட் போய் பிளான் மட்டும் ஸ்கேனாகக் கிடைக்கும்போது, பார்க்க முழுமையாகத் தெரியும், கட்டவே முடியாது. நான் உடல்பகுதியின் இரண்டு பக்கத்தையும் கட்டி முடித்து, ஃபார்மருக்குத் தாளைத் திருப்பித் திருப்பித் தேடிய பிறகுதான் இது புரிந்தது. செய்த வேலை அத்தனையும் நின்றுபோனது. பிளானோடு பாகங்களின் தாள் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், உடலிலிருந்து முனைவரை அகலம் மாறாத இறக்கையாக இருந்தால் மட்டும் துணியலாம். எல்லா ரிப்பும் ஒரே வடிவம் என்பதால் பக்கவாட்டுப் படத்தில் தெரியும் வெட்டுத்தோற்றத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். முனை குறுகும் இறக்கைக்கு, பெரிய ரிப்பையும் சின்ன ரிப்பையும் ஒட்டுப்பலகையில் வெட்டி, நடுவில் பால்சாத் துண்டுகளை அடுக்கி இறுக்கி, மொத்தமாகச் சீவி எடுக்கும் முறை உண்டு, அது முதல் விமானத்துக்கான வேலை இல்லை. பல பிளான்களில் வலது இறக்கை மட்டும்தான் வரைந்திருக்கும். கோப்பாக இருந்தால் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி இன்னொரு பிரதி எடுங்கள். தாளாக இருந்தால் பின்பக்கம் லேசாக எண்ணெய் தடவினால் கோடு மறுபுறம் தெரியும், அதன் மேலேயே இடது இறக்கையைக் கட்டலாம்.

இனி மரம். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் திருப்தி வராது, ஏனென்றால் ஒருவழியாகக் கட்டி முடித்த விமானம் பறக்காமல் போனதற்கு மரம்தான் காரணம். அது ஒரு முழுக் கிட், எல்லாம் உள்ளேயே இருந்தது, பொருத்தமும் அருமை. கட்டி, டிஷ்யூ ஒட்டி, முறுக்கிவிட்டால் நேராகப் போய்த் தரையில் உட்கார்ந்தது. வாலின் மரம் அவ்வளவு கனம். வால், மூக்கைவிட இறக்கையிலிருந்து இரண்டு மூன்று மடங்கு தூரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கிராம் கூடினால் சமப்படுத்த மூக்கில் இரண்டு மூன்று கிராம் களிமண் வைக்க வேண்டியிருக்கும். வைத்துக்கொண்டே போனேன், கடைசியில் அந்தச் சின்ன இறக்கை சுமக்க முடியாத எடை வந்துவிட்டது.

பால்சா வெகு வேகமாக வளரும் மரம். பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது, ஆறு முதல் பத்து வருடத்துக்குள் வெட்டிவிடுகிறார்கள். அந்த வேகத்தாலேயே ஒரே மரத்தில்கூட அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் தகடுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே விலை, ஆனால் ஒன்று இன்னொன்றைவிட இரண்டு மடங்கு கனமாக இருக்கலாம். அதனால் ஒரு சிறிய டிஜிட்டல் தராசு வாங்குங்கள், கத்திக்கு முன்னால் வாங்க வேண்டிய கருவி அது. கணக்கு எளிது. 1.5 மில்லிமீட்டர் தடிமன், 100 மில்லிமீட்டர் அகலம், 1 மீட்டர் நீளமுள்ள தகடு 150 கன சென்டிமீட்டர். அது 15 கிராம் இருந்தால் கன சென்டிமீட்டருக்கு 0.10 கிராம், நல்ல இலேசான மரம், வாலுக்கும் ரிப்புக்கும் எடுத்துக்கொள்ளலாம். 24 கிராம் இருந்தால் 0.16, அதை ஸ்பாருக்கும் உடல்பகுதியின் நீளக் குச்சிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 30 கிராமைத் தாண்டினால் சிறிய விமானத்துக்குத் தொடவே வேண்டாம். அங்குல அளவில் 1/16, 3, 36 என்று வரும் தகடு ஏறக்குறைய 110 கன சென்டிமீட்டர், ஆகவே 11 கிராம் என்றால் இலேசு, 18 என்றால் கனம். தகட்டை அகலவாக்கில் மெல்ல வளைத்தும் பாருங்கள். எளிதாகச் சுருண்டால் அது வளைந்த பரப்பை மூடுவதற்கு. விறைப்பாக நின்று, மேலே மீன் செதில் மாதிரி மினுமினுப்புத் தெரிந்தால் அது ரிப்புக்கும் தட்டை வாலுக்கும். கிட்டில் வந்த மரம் கனமாக இருந்தால் தயங்காமல் அதை அச்சாக வைத்து வேறு மரத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய மரத்தை ஒதுக்க மனசு வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் அந்த மரம் விமானத்தை மேலே விடாது.

அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்துவிடுவதும் ஒரு தொல்லை. பழைய பிளான்கள் அங்குலத்தில் இருக்கும், கிடைக்கும் மரம் பல சமயம் மில்லிமீட்டரில் இருக்கும். 1/16 என்பது 1.6, அதற்கு 1.5 போட்டால் சமாளிக்கலாம். 3/32 என்பது 2.4, அதற்கு 2 போட்டால் குச்சி பள்ளத்தில் ஆடும், 2.5 போட்டுச் சீவுவது மேல். பிளானைப் பெரிதாக்கிக் கட்ட நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: 20 சதவீதம் பெரிதாக்கினால் இறக்கைப் பரப்பு 44 சதவீதம் கூடும், மரத்தின் கன அளவு 73 சதவீதம் கூடும், 1.6 மில்லிமீட்டர் குச்சிக்கான பள்ளம் 1.9 ஆகிவிடும், அந்த அளவில் குச்சி கடையில் கிடைக்காது.

எந்த விமானம் என்று கேட்டால், மனதுக்குப் பிடித்த போர்விமானத்தைத் தள்ளி வையுங்கள். சாப்வித் கேமல் பார்க்க அழகுதான், அதன் மூக்கு அவ்வளவு குட்டை, முன்னால் எடை ஏற்றாமல் சமநிலை வராது. நீள மூக்கு, மேலே இறக்கை, அடிப்பக்கம் தட்டையான ரிப், முனைகள் மேல்நோக்கிய இறக்கை, பெட்டி மாதிரியான உடல். இவை இருக்கும் பிளானைத் தேடுங்கள். அசல் விமானத்தின் சாயல்தான் வேண்டும் என்றால், இறக்கை 13 அங்குலத்துக்குள் இருக்கும் பீநட் வகையில் லேசி எம்-10 என்ற விமானம் முழுக்க நேர்கோடுகளால் ஆனது, வெட்டுவதற்கே சுகம். அதற்கும் முன்னால் டெல்டா டார்ட் என்ற எளிய மாடல் ஒன்றைக் கட்டுவது இன்னும் நல்லது. அமெரிக்க மாடல் விமானக் கழகத்துக்காக ஃபிராங்க் எலிங் வடிவமைத்தது, பிளான் தாளின் மேலேயே குச்சியை ஒட்டினால் அதுவே இறக்கை ஆகிவிடும், ஒரு மாலையில் பறக்கும்.

டிஷ்யூவை இறுக்கும் டோப் எளிதில் தீப்பிடிக்கும் திரவம், விமான அஞ்சலில் ஏற்க மாட்டார்கள். அதை ஒரே பொதியில் சேர்த்துக் கேட்டதால் என் முழுப் பொதியும் திரும்பிப் போனது, அனுப்பும் கூலி போனது போனதுதான். டோப்பும் பசையும் அருகில் கிடைப்பதை வாங்குங்கள். டோப் கிடைக்காவிட்டால் ஒட்டிய டிஷ்யூ மேல் தண்ணீரைத் தெளித்து, இறக்கையைப் பலகையில் ஊசி குத்திக் காயவிட்டாலே ஓரளவு இறுகும். ரப்பரை மட்டும் எப்போதும் புதிதாக, மாடல் விமானத்துக்கென்றே விற்பதாக வாங்கி, வெளிச்சமும் சூடும் படாமல் மூடி வையுங்கள். ரைட் சகோதரர்களுக்கு 1878ல் அப்பா வாங்கிக்கொடுத்த பறக்கும் பொம்மை முதல் இன்றுவரை சக்தி முழுக்க அந்த ரப்பர் முறுக்கில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் எதை வாங்குவதற்கு முன்னாலும் விற்பவருக்கு ஒரே கடிதம் அனுப்புகிறேன். வெட்டு லேசரா, குச்சியும் டிஷ்யூவும் உள்ளே இருக்கிறதா, பிளான் எத்தனை தாள், ரிப்பும் ஃபார்மரும் தாளில் வரைந்திருக்கிறதா, மரத் தகடு ஒன்று எத்தனை கிராம், நீளத்தைப் பாதியாக வெட்டி அனுப்ப முடியுமா. நல்ல விற்பனையாளர்கள் படத்தோடு பதில் போடுகிறார்கள், சிலர் தகட்டைத் தராசில் வைத்தே படம் எடுத்து அனுப்புகிறார்கள். பதில் வராத இடத்தில் நான் வாங்குவதில்லை.